எந்தக் காபியை விடுவது?

காபித்தூள் விலை ஏறியபோதுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சு எழுந்தது: விட்டுவிட்டால்தான் என்ன? பிரேசிலிலும் வியட்நாமிலும் வறட்சி வாட்டியதில், 2024 டிசம்பரில் அராபிகா கொட்டையின் உலகச் சந்தை விலை 1977-ல் தொட்ட உச்சத்தைத் தாண்டியது. நம் ஊர்க் கடைகளின் விலைப்பலகையும் அடுத்தடுத்துத் திருத்தி எழுதப்பட்டது. அதே ஆண்டு மே மாதம், இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் ஹைதராபாதில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனமும் வெளியிட்ட உணவு வழிகாட்டி, சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம் என்றது. மளிகைக் கணக்கும் மருத்துவரும் ஒரே பக்கம் நின்றால் கும்பகோணத்துக்காரர்கூடக் கொஞ்சம் யோசிப்பார்.

யோசித்தவர்களில் பலர் விட்டும் பார்த்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வது ஏறக்குறைய ஒன்றுதான். படுத்ததும் தூக்கம் வருகிறது. நெஞ்செரிச்சல் குறைந்திருக்கிறது. காரணமில்லாத படபடப்பு இல்லை. மத்தியானம் கண் செருகுவதில்லை. டபராவும் கையுமாக எதிரே உட்கார்ந்திருப்பவர் இதை நம்புவதில்லை. ‘எங்கள் பாட்டி ஒரு நாளைக்கு ஆறு தடவை குடித்துவிட்டுத் தொண்ணூறு வயது வரை இருந்தாள்’ என்கிறார்.

இருவர் சொல்வதும் உண்மைதான். விட்டவருக்கு வந்த நலத்தைக் கற்பனை என்று ஒதுக்க வேண்டியதில்லை. ஆனால், பெரும்பாலும் அந்த நலம் குறிப்பிட்ட ஏதோ ஒரு வேளைக் காபி நின்றதால் வந்தது என்பதே என் கணிப்பு. காபி குடிக்கும் வீட்டில் ஒரு நாளைக்கு நான்கு காபி உண்டு: பல் தேய்த்ததும் ஒன்று, டிபன் முடிந்ததும் ஒன்று, பதினோரு மணிக்கு ஒன்று, மாலையில் ஒன்று. நான்குக்கும் ஒரே தூள், ஒரே பால். உடம்புக்குள் போய்ச் செய்யும் வேலை மட்டும் வேறு வேறு. எதை விடுவது என்று தெரியாமல் எல்லாவற்றையும் ஒரே நாளில் நிறுத்தி, தலைவலி தாங்காமல் மூன்றாம் நாளே எல்லாவற்றையும் மறுபடி தொடங்கிவிடுவதுதான் இங்கே வழக்கமாக நடக்கிறது.

பழியும் புகழும்

முதலில் பயத்தைக் கழித்துவிடலாம். உலக சுகாதார நிறுவனத்தின் கீழ் இயங்கும் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை, 1991-ல் காபியைச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தொடர்பாகச் சந்தேகப் பட்டியலில் வைத்திருந்தது. 2016-ல் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆய்வுகளைப் பரிசீலித்துவிட்டு, அந்தப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டது. அதே கையோடு இன்னொன்றையும் சொன்னது. அது நமக்குத்தான் அதிகம் பொருந்தும். 65 டிகிரி செல்சியஸுக்கு மேல் கொதிக்கக் கொதிக்க எதைக் குடித்தாலும், அது உணவுக்குழாயில் புற்றுநோயை உண்டாக்க வாய்ப்பிருக்கிறது என்றது. ‘சூடு பத்தலை’ என்று டம்ளரைத் திருப்பி அனுப்பும் ஊர் இது. ஆற்றிக் குடிக்கத்தானே டபரா?

காபி குடிப்பவர்களிடம் கல்லீரல் நோய், இரண்டாம் வகை நீரிழிவு, பார்க்கின்சன் நோய் ஆகியவை குறைவாகக் காணப்படுவதாகவும் பெரிய ஆய்வுகள் சொல்கின்றன. அவை குடிப்பவர்களையும் குடிக்காதவர்களையும் பல ஆண்டுகள் கவனித்து எழுதிய கணக்குகள். காபிதான் காரணம் என்று அவற்றை வைத்து அறுதியிட முடியாது. பெரும்பாலானவை அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடந்தவை. அங்கே குடிக்கும் காபிக்கும், கெட்டிப் பாலும் இரண்டு கரண்டிச் சர்க்கரையும் சேர்ந்த நம் காபிக்கும் நிறைய தூரம். காபியை நஞ்சு என்று ஒதுக்க ஆதாரம் இல்லை. குடிக்காதவர் மருந்தென்று குடிக்கத் தொடங்கவும் ஆதாரம் போதாது.

இந்தச் சண்டை நமக்குப் புதிதும் அல்ல. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் காபி தமிழ் வீடுகளுக்குள் பரவியபோது எழுந்த எதிர்ப்புக் குரல்களை வரலாற்றாய்வாளர் ஆ.இரா.வேங்கடாசலபதி தன் ‘அந்தக் காலத்தில் காப்பி இல்லை’ கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கிறார். எனக்கு அந்தக் கதையில் ஒரு விஷயம் பெரிதாகப் படுகிறது. காபி வருவதற்கு முன்பு காலையில் நீராகாரம், பழையது, கஞ்சி என்று ஏதோ ஒன்று வயிற்றுக்குள் போய்க்கொண்டிருந்தது. உணவு இருந்த நேரத்தை, உணவு அல்லாத ஒன்று எடுத்துக்கொண்டது. அதற்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

டிபன் முடிந்ததும் வரும் டம்ளர்

2019-21-ல் நடந்த ஐந்தாவது தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 57 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டில் இது 53.4 விழுக்காடு. மருத்துவக் கட்டமைப்பில் முன்னணி மாநிலம் என்று பெயர் வாங்கிய இடத்தில், இரண்டு பெண்களில் ஒருவருக்கு மேல் ரத்தம் போதவில்லை. மாடி ஏறினால் மூச்சு வாங்குவது, தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டுவது, எதையும் செய்யத் தோன்றாத அயர்ச்சி என இதையெல்லாம் ‘வயசாகிவிட்டது’ என்று தள்ளிவிடுகிறோம். அயர்ச்சிக்கு மருந்தாக இன்னொரு காபி போடுகிறோம்.

ரத்தசோகைக்குக் காரணங்கள் பல. காபி அவற்றில் சின்ன ஆள்தான். ஆனால் சரிசெய்யச் செலவே இல்லாத காரணம் அது. கீரை, பயறு, கேழ்வரகு என்று தாவர உணவிலிருந்து கிடைக்கும் இரும்புச்சத்தைக் குடல் லேசில் எடுத்துக்கொள்ளாது. காபியிலும் டீயிலும் உள்ள துவர்ப்புப் பொருள்கள் அந்த இரும்போடு பிணைந்துகொண்டு, கிடைப்பதையும் கெடுத்துவிடுகின்றன. 1983-ல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், மாட்டிறைச்சி பர்கரோடு ஒரு கோப்பை காபி குடித்தவர்களுக்கு உடலில் சேரும் இரும்பு 39 விழுக்காடு குறைந்தது. டீ குடித்தபோது 64 விழுக்காடு குறைந்தது. 

அதே ஆய்வில் அவ்வளவாகப் பேசப்படாத இன்னொரு முடிவும் உண்டு. சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பே காபி குடித்திருந்தால் இரும்பு குறையவில்லை. சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தபோதோ, உணவோடு சேர்த்துக் குடித்த அளவுக்கே குறைந்தது.

இதை நம் வழக்கத்தோடு பொருத்திப் பாருங்கள். ‘வெறும் வயிற்றில் குடிக்காதே’ என்று எல்லோரும் கண்டிக்கும் விடிகாலைக் காபி, இரும்புச்சத்து விஷயத்தில் குற்றமற்றது. யாரும் குறை சொல்லாத, ஹோட்டலில் சர்வர் கேட்காமலேயே கொண்டுவந்து வைக்கும், பொங்கல் வடைக்குப் பிந்தைய காபிதான் தட்டில் இருந்த கொஞ்சநஞ்ச இரும்பையும் வீணாக்குகிறது. காபியை விட்டுவிட்டு டீக்கு மாறிய பெருமைக்காரர்கள் மேலே உள்ள 64 விழுக்காட்டை இன்னொரு முறை பார்த்துக்கொள்ளலாம். காஃபின் நீக்கிய காபியும் இங்கே உதவாது. துவர்ப்புப் பொருள்கள் அதிலும் பெரும்பாலும் மிச்சம் இருக்கும்.

மாமிசம் சாப்பிடும், உடலில் இரும்பு நிறைய இருப்பு வைத்திருக்கும் ஆணுக்கு இதனால் பெரிய நஷ்டம் இல்லை. மாதாமாதம் ரத்தம் இழக்கும், எல்லோரும் சாப்பிட்டபின் மிஞ்சியதைச் சாப்பிடும் பெண்ணுக்கு இது பெரிய கணக்கு.

அந்தப் பெண்ணின் காலைப் பொழுதைக் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஐந்தரைக்கு எழுந்து பால் காய்ச்சி ஒரு காபி. பிள்ளைகளுக்கும் கணவருக்கும் டப்பா கட்டி அனுப்பிவிட்டு, எட்டரைக்கு, மிச்சம் இருக்கும் டிகாக்‌ஷனில் இன்னொன்று. குளித்து, துணி ஊறவைத்து, விளக்கேற்றி, பதினோரு மணி சுமாருக்கு ஆறிப்போன இரண்டு இட்லி. ‘இட்லிக்கு மேலே ஒரு வாய் காபி இல்லாவிட்டால் எப்படி’ என்று மூன்றாவது. வேலைக்குப் போகும் பெண்ணுக்கு இதே அட்டவணை, அந்த இட்லியும் இல்லாமல்.

காபி பசியை மந்தப்படுத்தும்; பாலும் சர்க்கரையும் அதற்குத் துணை. எட்டரை மணிக்கு வர வேண்டிய பசியை அந்த இரண்டாவது டம்ளர் பதினோரு மணிக்குத் தள்ளிவிடுகிறது. காபியை விட்டதும் உடம்பு தேறியது என்று இந்தப் பெண் சொன்னால், எட்டரைக்குப் பசித்து எட்டரைக்கே சாப்பிடத் தொடங்கியதுதான் பாதிக் காரணமாக இருக்கும். அவருக்கு ‘காபியை விடு’ என்று அறிவுரை சொல்வதைவிட, அந்த நேரத்துக்கு அவரை உட்காரவைத்து யாராவது இரண்டு இட்லி சூடாக எடுத்துவைப்பது அதிகம் பலன் தரும். குடும்பத் தலைவர்கள் இதைத் தங்கள் மீதான புகாராகவே எடுத்துக்கொள்ளலாம்.

பிள்ளைகள் விஷயமும் இதேதான். தமிழ்நாட்டில் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் 57.4 விழுக்காட்டினருக்கு ரத்தசோகை என்கிறது அதே தேசியக் குடும்பநல ஆய்வு. ‘பால் குடிக்க மாட்டேன் என்கிறான், ஒரு சொட்டு டிகாக்‌ஷன் விட்டால் குடிக்கிறான்’ என்று தொடங்கும் பழக்கத்தை எந்த வயதிலும் நியாயப்படுத்த முடியாது. 2022 செப்டம்பரில் தொடங்கிய முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் செய்த நல்ல காரியங்களில் ஒன்று, வெறும் காபியோடும் டீயோடும் பள்ளிக்கு வந்துகொண்டிருந்த பிள்ளைகளின் வயிற்றில் உப்புமாவையும் பொங்கலையும் சேர்த்தது.

மாலைக் காபி எப்போது முடிகிறது?

விழித்திருக்கும் நேரமெல்லாம் மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வருகிறது. தனக்குரிய இடத்தில் போய் அது ஒட்டும்போது நமக்குத் தூக்கம் தள்ளுகிறது. பேருந்தின் சன்னல் வழியாகத் துண்டு போட்டு இடம் பிடிப்பதுபோல, காஃபின் அந்த இடங்களை முந்திக்கொண்டு பிடித்துவிடுகிறது. களைப்பு எங்கும் போய்விடவில்லை. நமக்குத் தெரியாமல் இருக்கிறது, அவ்வளவுதான்.

குடித்த காஃபினில் பாதி உடலை விட்டுப் போகவே சராசரியாக ஐந்து மணி நேரம் ஆகும். 150 மி.லி. வடித்த காபியில் 80 முதல் 120 மி.கி. வரை காஃபின் இருப்பதாகத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. இன்ஸ்டன்ட் காபியில் 50 முதல் 65 மி.கி., டீயில் 30 முதல் 65 மி.கி. மாலை ஐந்து மணிக்கு 100 மி.கி. உள்ளே போனால், இரவு பத்து மணிக்கு 50 மி.கி. மிச்சம் இருக்கும். படுக்கையில் உட்கார்ந்து ஒரு இன்ஸ்டன்ட் காபி குடித்துவிட்டு விளக்கை அணைப்பதற்குச் சமம் இது.

‘குடித்துவிட்டும் எனக்குத் தூக்கம் வரும்’ என்பவர்கள் உண்டு. வருவது வேறு, நிலைப்பது வேறு. 2013-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், படுப்பதற்கு ஆறு மணி நேரம் முன்பு 400 மி.கி. காஃபின் எடுத்தவர்களுக்கு ஒரு மணி நேரத்துக்கும் மேல் தூக்கம் குறைந்தது. அது நான்கு டம்ளரை ஒரேயடியாகக் குடித்த கணக்கு என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு டம்ளருக்கு அவ்வளவு சேதம் இருக்காது. ஆனால் நம்மில் பலர் மாலை நான்கு மணிக்கு ஒன்று, ஆறு மணிக்கு விருந்தாளியோடு ஒன்று, தொடர் பார்க்கும்போது அரை டம்ளர் என்று தவணையில் கட்டுகிறவர்கள்.

விட்டவர்கள் பட்டியலிடும் நலங்களில் பாதிக்கு மேல், காலைத் தெளிவு, எரிச்சல் குறைவு, மத்தியானம் சுறுசுறுப்பு எல்லாமே, திரும்பக் கிடைத்த தூக்கத்திலிருந்து வருபவை என்பது என் எண்ணம். நான் மாலைக் காபியை நிறுத்தியதும் திருந்தியது என் தூக்கம்தான். முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. காபியை விட்டதும் முழங்கால் வலி பறந்துவிட்டதாகச் சத்தியம் செய்யும் நண்பர் ஒருவர் உண்டு. அதே மாதம் அவர் நடைப்பயிற்சியும் தொடங்கியிருந்தார் என்பதை அவர் மனைவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

எல்லோர் உடம்பும் ஒரே வேகத்தில் காஃபினைக் கழிப்பதில்லை. கர்ப்பத்தின் கடைசி மூன்று மாதங்களில் பாதி காஃபின் கழியவே பதினைந்து மணி நேரம் வரை ஆகலாம். கருத்தடை மாத்திரை எடுக்கும் பெண்களுக்கும் நேரம் கூடும். புகைப்பவர்களுக்கு நேர்மாறு: சீக்கிரம் கழிந்துவிடும். சிகரெட்டை நிறுத்தியவர் அதே நான்கு காபியைத் தொடர்ந்தால், உடலில் தங்கும் காஃபின் முன்பைவிடக் கூடும். கை நடுக்கத்தையும் தூக்கமின்மையையும் சிகரெட் ஏக்கம் என்று நினைத்து, மறுபடி பெட்டிக்கடைப் பக்கம் போவார்.

இரவு வேலை பார்ப்பவர்களுக்கு மேற்சொன்ன எதுவும் அப்படியே பொருந்தாது. நள்ளிரவில் உளுந்தூர்பேட்டை தாண்டும் லாரி ஓட்டுநருக்கும், இரவுப் பணி செவிலியருக்கும் ஒரு காபி உயிர் காக்கும் பொருளாக இருக்கலாம். அவர்களிடம் போய்க் காபியின் கேடுகளைப் பேசுவது அபத்தம். பணி முடிவதற்கு நான்கைந்து மணி நேரம் முன்பே கடைசிக் காபியை முடித்துக்கொண்டால், வீடு போய்த் தூங்க முடியும்.

மாத்திரைக்கும் டம்ளருக்கும் நடுவே

விடிகாலைக் காபியை இரும்புக் குற்றத்திலிருந்து விடுவித்தோம். ஆனால் தைராய்டு மாத்திரை எடுப்பவர்களுக்கு அதுதான் சிக்கலான காபி. தைராக்சின் மாத்திரையை வெறும் வயிற்றில் தண்ணீரோடு விழுங்க வேண்டும். காபியோடு போனால் குடல் அதை முழுதாக எடுத்துக்கொள்ளாது. மாத்திரைக்கும் காபிக்கும் இடையில் அரை மணி முதல் ஒரு மணி நேரமாவது வேண்டும். நடைமுறையில், ஒரு கையில் மாத்திரை, மறு கையில் டம்ளர். மூன்று மாதம் கழித்து ரத்தப் பரிசோதனையில் அளவு சரியில்லை என்று மாத்திரையின் வீரியத்தைக் கூட்டுகிறார்கள். காபியை விட்டபின் ‘தைராய்டு கட்டுக்குள் வந்துவிட்டது’ என்று சிலர் வியப்பதில் அதிசயம் இல்லை: மாத்திரை இப்போதுதான் முழுதாக உள்ளே போகிறது.

இரும்புச்சத்து மாத்திரைக்கும் இதே நிலை. கர்ப்பிணிகளுக்கு 60 மி.கி. இரும்பு உள்ள மாத்திரையை 180 நாளுக்கு அரசு இலவசமாகத் தருகிறது. அதைக் காபியோடு விழுங்கினால் மாத்திரையில் ஒரு பகுதி வீண்.

ரத்த அழுத்தம் பார்ப்பதற்கு முன் அரை மணி நேரம் காபி குடிக்கக் கூடாது என்பது மருத்துவ விதி. மருத்துவமனை கேன்டீனில் காபி குடித்துவிட்டு வரிசையில் உட்காருபவர்கள்தான் நாம். தலைவலி மாத்திரைகள் சிலவற்றில் காஃபினும் சேர்ந்தே வருகிறது. காபியை விட்டவருக்குத் தலைவலி, அதற்கு அந்த மாத்திரை என்றால், விட்டது வேறு வழியாக உள்ளே வருகிறது.

சர்க்கரைக் கணக்கு நீளமாக எழுத வேண்டியதில்லை. ஒரு டம்ளருக்கு இரண்டு கரண்டி என்றால் ஏறக்குறைய பத்து கிராம். மூன்று டம்ளருக்கு முப்பது. நாளொன்றுக்கு 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு, சாப்பாட்டைத் தொடுவதற்கு முன்பே தாண்டிவிடுகிறது. 10.1 கோடி நீரிழிவு நோயாளிகள் இருக்கும் நாட்டில், காபியை விட்டவருக்கு எடை குறைந்தது, சர்க்கரை அளவு இறங்கியது என்றால் அந்தப் புகழில் பெரும்பங்கு காபியோடு சேர்ந்து வெளியேறிய அஸ்காவுக்குத்தான். விட்டபின் மால்ட் பானத்துக்கோ, கருப்பட்டி தாராளமாகப் போட்ட சுக்குமல்லிக் காபிக்கோ மாறினால் இந்த லாபம் கிடைக்காது.

மூன்றாம் நாளைத் தாண்டுவது

தினமும் குடிப்பவர் சட்டென நிறுத்தினால் 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும். ஒன்றிரண்டு நாளில் உச்சத்துக்குப் போகும். இரண்டு நாளிலிருந்து ஒன்பது நாளுக்குள் அடங்கிவிடும். கூடவே அசதி, சிடுசிடுப்பு, எதிலும் மனம் நிற்காமை. 2013-ல் வெளிவந்த அமெரிக்க மனநல மருத்துவக் கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, இதை ஒரு மருத்துவ நிலையாகவே ஏற்றிருக்கிறது. ஏகாதசியன்று முழு உபவாசம் இருப்பவர்களுக்கும், அறுவை சிகிச்சைக்காக இரவிலிருந்து எதுவும் சாப்பிடாமல் இருப்பவர்களுக்கும் வரும் தலைவலியில் காபி இல்லாததன் பங்கு கணிசம். 

ஆகவே படிப்படியாகத்தான் இறங்க வேண்டும். அதற்குத் தமிழ் வீடுகளில் ஏற்கெனவே ஒரு வசதி உண்டு: காபித்தூளோடு கலக்கும் சிக்கரி. அதில் காஃபின் கிடையாது. காபித்தூள் கடையில் 80-க்கு 20 வாங்குபவர் அடுத்த முறை 70-க்கு 30, பிறகு 60-க்கு 40 என்று அரைத்துத் தரச் சொல்லலாம். நிறமும் கெட்டியும் குறையாது. நாக்கு கொஞ்சம் முணுமுணுக்கும். ரோபஸ்டா கொட்டையில் அராபிகாவைப் போல ஏறக்குறைய இரு மடங்கு காஃபின் உண்டு. ‘ஸ்ட்ராங்’ என்று மட்டும் சொல்லாமல், எந்தக் கொட்டை என்று கேட்டு வாங்குவது நல்லது.

வரிசையும் முக்கியம். முதலில் மாலைக் காபியை விடுங்கள். இரண்டு வாரத்தில் தூக்கத்தில் வித்தியாசம் தெரிந்துவிடும். அடுத்து, டிபனோடு சேர்ந்து வருவதைப் பதினோரு மணிக்குத் தள்ளுங்கள். நான்கு காபிகளில் நல்ல பெயர் எடுப்பது அந்தப் பதினோரு மணிக் காபிதான்: டிபனுக்கு இரண்டு மணி நேரம் பின்னால், சாப்பாட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னால், தூக்கத்துக்கு ரொம்ப தூரம். நெஞ்செரிச்சலும் தைராய்டு மாத்திரையும் இல்லாதவர் விடிகாலைக் காபியையும் வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களுக்கு நாளொன்றுக்கு 300 மி.கி. காஃபின் வரம்பு என்கிறது தேசிய ஊட்டச்சத்து நிறுவனம். இரண்டு டம்ளர் அதற்குள் அடங்கிவிடும். கர்ப்பிணிகளுக்கு ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் சொல்லும் வரம்பு 200 மி.கி.

இதயப் படபடப்பு, தீராத நெஞ்செரிச்சல், பதற்ற நோய் உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டு முழுதாக நிறுத்திப் பார்ப்பது சரி. அவர்களுக்கு இந்த வேளைக் கணக்குகள் போதாது.

யார் என்ன செய்யலாம்?

கிராம சுகாதாரச் செவிலியர் இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கும்போது ஒரு கேள்வி கேட்டால் போதும்: ‘காபி, டீ எத்தனை மணிக்குக் குடிப்பீங்க?’ அந்த நேரத்திலிருந்து தள்ளி ஒரு நேரத்தை அட்டையில் எழுதிக்கொடுக்கலாம். எலுமிச்சைச் சாறு, நெல்லிக்காய், கொய்யா ஆகியவற்றில் உள்ள வைட்டமின் சி, இரும்பைச் சேர்க்க உதவும் என்பதையும் அந்த அட்டையிலேயே அச்சிடலாம். 2021-லிருந்து வீடு வீடாக மாத்திரை கொண்டுபோகும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ பணியாளர்களும் ரத்த அழுத்தம் பார்க்கும் முன் இதே கேள்வியைக் கேட்கலாம்.

தைராய்டு மருந்துச் சீட்டில் ‘வெறும் வயிற்றில்’ என்று எழுதும் மருத்துவர்கள், ‘காபிக்கு ஒரு மணி நேரம் முன்பு’ என்று சேர்த்து எழுத வேண்டும். காபி குடித்தால் வயிறு வெறும் வயிறு இல்லை என்பது நம்மூரில் பலருக்குத் தோன்றுவதே இல்லை. மருந்துக் கடைகள் மாத்திரை உறையில் அதை முத்திரையாகக் குத்திக் கொடுக்கலாம்.

காபித்தூள் பொட்டலத்தில் சிக்கரியின் அளவை அச்சிட வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ஒரு டம்ளருக்குத் தோராயமாக எவ்வளவு காஃபின் என்பதையும் சேர்த்து அச்சிட இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் உத்தரவிடலாம். ஊக்க பானங்களில் லிட்டருக்கு 145 முதல் 300 மி.கி. வரை காஃபின் அனுமதி; குழந்தைகளுக்கு உகந்தது அல்ல என்ற எச்சரிக்கையும் டப்பாவில் இருக்கிறது, பொடி எழுத்தில். பொதுத்தேர்வு நேரத்தில் பள்ளி வாசல் கடைகளில் அவை பிள்ளைகள் கைக்குப் போகின்றன. பள்ளியைச் சுற்றிப் புகையிலைக்குத் தடை விதித்ததைப் போல இதற்கும் ஒரு எல்லை வகுப்பது மாவட்ட நிர்வாகங்களால் ஆகக்கூடிய காரியம்.

அலுவலகங்களில் மாலை நான்கு மணிக் கூட்டத்துக்குக் காபி வருவது யாரோ என்றோ போட்ட ஏற்பாடு. அந்த நேரத்துக்கு மோரோ சுண்டலோ வரட்டும். காபியைப் பதினோரு மணிக்கு மாற்றிவிடலாம்.

ஹோட்டல்காரர்களுக்கு ஒன்று. இட்லி, வடை, பொங்கல், காபி என்று நான்கையும் சேர்த்து ஒரே விலையில் விற்பதால், வேண்டாம் என்பவரும் காசு கொடுத்த குறைக்குக் குடித்துவிட்டு எழுகிறார். அந்தக் காபிக்குப் பதில் அதே விலையில் எலுமிச்சைச் சாறு கேட்டு வாங்க வழி செய்யலாம். காபிதான் வேண்டும் என்பவருக்கு, அன்று பத்தரை மணிக்கு மேல் செல்லும் என்று அச்சடித்த டோக்கனைக் கொடுத்தனுப்பினால், கடைக்கு அதே ஆள் ஒரு நாளில் இரண்டு தடவை வருவார்.